மிருதங்கம் முதுகுக்குப் பின்னால் வேண்டாம்

1914-இல் சாமிக்கண்ணு வின்சென்ட் வெரைட்டி ஹால் திரையரங்கைக் கட்டிய ஊர் கோவை. சினிமாப் பற்று இங்கே பழையது. இன்று அது வீட்டு ஹாலுக்கே ஹோம் தியேட்டராக வந்துவிட்டது. ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் சுற்றிலும் ஒலிக்கும் 5.1 சரவுண்ட் படத்துக்கு நன்றாகவே பொருந்துகிறது. அதே செட்டில், அதே முறையில் கச்சேரியும் கேட்பதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஆர்.எஸ். புரம் பாரதிய வித்யா பவனில் கச்சேரி கேட்டவர்களுக்குத் தெரியும்: பாடுபவர் நடுவில், நம் பார்வையில் வலப்பக்கம் வயலின், இடப்பக்கம் மிருதங்கம், பின்னே தம்புரா. எல்லாமே நமக்கு எதிரில். இந்த மேடையை வீட்டில் விரிக்க இரண்டு ஸ்பீக்கர் போதும். 1931-இல் ஆலன் புளூம்லைன் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஸ்டீரியோ செய்வது இதைத்தான்.

சரவுண்டில் என்ன நடக்கிறது? நம்மிடம் உள்ள கர்நாடக இசைப் பதிவுகள் பெரும்பாலும் மோனோ அல்லது ஸ்டீரியோ. அவற்றை ஐந்தாகப் பிரிக்கும் ரிசீவர், இரு சேனலிலும் ஒன்றாக இருப்பதை நடு ஸ்பீக்கருக்கும், வேறுபடுவதைப் பின்பக்கத்துக்கும் அனுப்பும். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரின் மோனோ பதிவைப் போட்டால், முழுக் கச்சேரியும் டிவிக்குக் கீழே கிடக்கும் சின்னப் பெட்டிக்குள் ஒடுங்கிவிடும். பழைய இசைத்தட்டை ஸ்டீரியோ ஊசியால் பிரதியெடுத்திருந்தால் இன்னும் கொடுமை: கீறல் ஓசை இரு சேனலிலும் ஒன்றுபோல் இராது, ஆகவே பாட்டு முன்னாலும் பொரிச்சல் பின்னாலும் கேட்கும். ஸ்டீரியோ பதிவிலோ, ஒரு பக்கமாக ஒதுக்கிப் பதிந்த மிருதங்கத்தின் நாதம் சிதறி ஒரு பகுதி நம் முதுகுப்பக்கம் போய்விடக்கூடும். தனி ஆவர்த்தனத்தில் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக விழ வேண்டிய இடத்தில் இதை மன்னிக்க முடியாது.

ஸ்டீரியோவுக்கும் குறை உண்டு. இரு ஸ்பீக்கருக்கும் சமதூரத்தில் உட்கார்ந்தவருக்கு மட்டுமே குரல் நடுவில் நிற்கும்; சோபா ஓரத்தில் இருப்பவருக்கு அது அருகிலிருக்கும் ஸ்பீக்கருக்கு நகர்ந்துவிடும். குடும்பமாகக் கேட்கும் வீட்டில் நல்ல நடு ஸ்பீக்கரின் பயனை மறுக்க மாட்டேன். அரங்கின் எதிரொலியைத் தனி மைக் வைத்துப் பின் சேனல்களில் பதிந்த மேற்கத்திய சிம்பொனித் தட்டுகளுக்குச் சரவுண்டே சரி. பேரூர்க் கோயில் கல்மண்டபத்தில் நாகசுரமும் தவிலும் முழங்கும்போது தூண்களும் கூரையும் நாதத்தைத் திருப்பித் தருகின்றன. அதை அங்கேயே பல சேனல்களில் பதிந்தால் ஐந்து ஸ்பீக்கருக்கும் உண்மையான வேலை கிடைக்கும். அப்படிப் பதிந்தவைதான் மிக அரிது. ரிசீவரில் 'ஹால்' பட்டனை அழுத்தி வரும் செயற்கை எதிரொலி அதற்கு ஈடாகாது.

அதுவும் நம் வீடுகளில், கிரானைட் தரையும் வெறுஞ்சுவரும் ஏற்கெனவே எதிரொலிக்கின்றன. அதன்மேல் இன்னொன்றைச் சேர்த்தால் சாகித்யம் குழம்பும், கமகம் மழுங்கும். ஐந்து சுமாரான பெட்டிகளுக்குக் கொடுக்கும் பணத்தில் இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தையாவது விரியுங்கள். ஹோம் தியேட்டர் ஏற்கெனவே இருந்தால், கச்சேரி கேட்கும் நேரத்திலாவது ரிசீவரை ஸ்டீரியோவுக்கு மாற்றிவிடுங்கள்.