கபாலம் காணாமற்போன கதை
மத்தவிலாசப் பிரகசனம் குறித்து ஒரு பாத்திரக் கடைக்காரனின் ரசனைக் குறிப்பு

நம் சங்க மலரில் ஆண்டுதோறும் சிலம்பு, குறள், கம்பன் என்று கற்றறிந்தோர் எழுதுகிறார்கள். அவர்களோடு வரிசையில் நிற்கும் படிப்பு எனக்கு இல்லை. பி.யூ.சி.யோடு கடைக்கு வந்தவன். நாற்பது வருஷமாகக் கொல்கத்தாவில் எவர்சில்வர் பாத்திர வியாபாரம். எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எல்லாரும் போகிற பக்கம் என் கால் போகாது. ஊரே மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று அமளிப்படும்போது நான் மைதான் ஓரமாக ஏதாவது கல்லூரிப் பையன்கள் ஆடும் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாற்பது பேர் பார்ப்பார்கள். ஆனால் பையன்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவது, திட்டுவது, சிரிப்பது எல்லாம் காதில் விழும். பெரிய ஆட்டத்தில் அது கிடைக்காது.

புத்தகத்திலும் எனக்கு அப்படித்தான். 1988-இல் காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடையில் ஒரு சிறு நூல் அகப்பட்டது. மத்தவிலாசப் பிரகசனம். காஞ்சியை ஆண்ட முதலாம் மகேந்திரவர்ம பல்லவர், ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடமொழியிலும் பிராகிருதத்திலுமாக எழுதிய ஓரங்க நகை நாடகம். கேரளத்து ஏடுகளிலிருந்து இதை மீட்டு, 1917-இல் திருவனந்தபுரத்தில் அச்சேற்றியவர் கணபதி சாஸ்திரியார். நடப்பது முழுக்க நம் காஞ்சிபுரத்துத் தெருவில். ஆனாலும் நம் வீடுகளில் இதைப் படித்தவர் அரிது.

கதை இவ்வளவுதான். சத்தியசோமன் என்கிற கபாலிகனும் அவன் துணைவி தேவசோமாவும் குடித்துவிட்டுத் தள்ளாடி வருகிறார்கள். கள்ளுக்கடை அவனுக்கு வேள்விச்சாலையாகத் தெரிகிறது. கடைக் கம்பம் யூபத்தூண், கள் சோமரசம், குடிகாரர்கள் வேதியர். அப்போதுதான் கையிலிருந்த கபாலத்தைக் காணோம் என்று தெரிகிறது. அதில் சுட்ட இறைச்சி இருந்தது. ஆகவே எடுத்தது நாயாக இருக்க வேணும், இல்லாவிட்டால் ஒரு புத்த பிட்சுவாக இருக்க வேணும் என்று முடிவு கட்டுகிறான். அந்த வேளையில் நாகசேனர் என்கிற பிட்சு, ஆடைக்குள் தம் பிட்சைப் பாத்திரத்தை மறைத்தபடி வருகிறார். பிடித்துக்கொண்டது சண்டை.

பாத்திர வியாபாரி என்பதால் எனக்கு இந்த இடம் கூடுதலாக ருசிக்கும். கல்யாண வீட்டில் "இது எங்க அண்டா, இது உங்க அண்டா" என்று வழக்கு வராத முகூர்த்தம் உண்டா? அதற்காகத்தானே கடையில் பெயர் வெட்டித் தருகிறோம்! நாகசேனர் தம் பாத்திரத்தை எடுத்தே காட்டிவிடுகிறார். நிறமே வேறு. கபாலிகனுக்கு அது போதவில்லை. "என்னுடையது" என்று ஒருவன் மனசில் தீர்மானித்துவிட்டால் கண்ணால் பார்த்தும் பயனில்லை. வழக்குத் தீர்க்க வரும் பாசுபதன் பப்ருகல்பனும் நடுநிலையாளனல்லன். அவனுக்கும் உள்ளுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. கடைசியில் ஒரு பைத்தியக்காரன், நாயிடமிருந்து பறித்த கபாலத்தோடு வருகிறான். உண்மை அவன் கையில்தான் இருக்கிறது.

இந்நாடகத்தின் உச்சம் என்று நான் கருதுவது நாகசேனரின் தனிப்பேச்சு. தனதாசன் என்கிற வணிகர் வீட்டில் மீனும் இறைச்சியுமாக நல்ல விருந்து. அந்த நிறைவில் யோசிக்கிறார்: பகவான் நமக்கு நல்ல இருப்பிடம், மெத்தை, முற்பகலில் உணவு, பிற்பகலில் பானகம், தாம்பூலம் எல்லாம் அனுமதித்தாரே, மதுவையும் மாதரையும் மட்டும் விட்டிருப்பாரா? எழுதித்தான் இருப்பார். பொறாமை பிடித்த கிழட்டுத் தேரர்கள், நம் போன்ற இளைஞர்மேல் உள்ள வெறுப்பில் அதை ஏட்டிலிருந்து நீக்கிவிட்டார்கள். கெடாத மூலபாடம் எங்கே கிடைக்கும்?

பாடபேதம் பார்த்துப் பழகியவர்கள் இதைப் படித்தால் சிரித்துவிட்டு, பிறகு கொஞ்சம் வெட்கப்படுவார்கள். நமக்குப் பிடித்த கொள்கை நூலில் இல்லையென்றால் "இடைச்செருகல்", "யாரோ எடுத்துவிட்டார்கள்" என்று எத்தனை மேடையில் பேசியிருக்கிறோம்! நாகசேனர் பிட்சுக் கோலத்தில் இருக்கும் நாம்தான்.

அரசர் தம்மையும் விடவில்லை. நீதிமன்றம் போகலாம் என்ற பேச்சு வரும்போது தேவசோமா தடுக்கிறாள். பல விகாரங்களின் வருமானம் உள்ளவர் அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார். பாம்புத்தோலும் திருநீறுமே சொத்தாக உள்ள நம்மால் என்ன செய்ய முடியும் என்பது அவள் கேள்வி. அந்த நீதிமன்றம் யாருடையது? நாடகம் எழுதியவருடையதுதான். தம் ஆட்சியில் கைக்கூலி உண்டு என்று ஒரு மன்னரே ஒரு பெண்ணின் வாயால், அதுவும் பிராகிருதத்தில், சொல்ல வைக்கிறார்.

இனி, நான் முப்பது வருஷத்துக்கு மேல் தள்ளிப்போட்ட விஷயத்துக்கு வருகிறேன். நான் வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடும்பத்தில் பிறந்தவன். சமணப் பள்ளிகளை இடித்து, அந்தக் கல்லால் திருவதிகையில் சிவன் கோயில் எழுப்பியதாகப் பெரியபுராணம் சொல்லும் பல்லவன் இந்த மகேந்திரவர்மரே என்பது அறிஞர் பலரின் துணிபு. எங்கள் வீட்டில் அவர் பெயர் எடுபடாது. "அந்த ராஜா பேச்சு நமக்கெதுக்குடா?" என்பார் அப்பா. காஞ்சிக்குப் போகிற வழியில்தான் மாமண்டூர். அங்குள்ள குகையின் சிதைந்த கல்வெட்டில் மத்தவிலாசம் என்ற பெயர் இருக்கிறது. திருப்பருத்திக்குன்றம் திரைலோக்கியநாதரைத் தரிசிக்க அந்த வழியாக எத்தனையோ முறை பஸ்ஸில் போயிருக்கிறேன். ஒருமுறையும் இறங்கியதில்லை.

நாடகத்தின் தொடக்கத்திலேயே கபாலிகன் எங்களை இழுக்கிறான். காரணம் எப்படியோ காரியமும் அப்படியே என்கிறார்கள். துன்பத்தால் இன்பம் வரும் என்றும் சொல்கிறார்கள். தங்கள் வாயாலேயே தோற்றார்கள் என்கிறான். லோசம் செய்வதையும், நேரம் பார்த்து உண்பதையும், அழுக்கையும் ஏசுகிறான். அதோடு விட்டானா? இவர்கள் பெயரைச் சொன்ன நாக்கைக் கள்ளால் கழுவ வேணும் என்கிறான்!

முதல் வாசிப்பில் இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டேன். பிட்சுவைக் கேலி செய்த பக்கங்களைப் பிறகு தனியாக எடுத்து ரசித்துச் சிரித்தேன். என் முறை வந்தபோது சிரிப்பு வரவில்லை. சில வருஷம் முன்பு நம் பிள்ளைகள் பொங்கல் விழாவுக்கு ஒரு பழைய நகைச்சுவை நாடகம் கேட்டு வந்தார்கள். புத்தகம் அலமாரியில் இருந்தது. "எங்கிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று அனுப்பிவிட்டேன். யார் மனமாவது புண்படும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புண்பட்டது என் மனம் மட்டும்தான்.

அதற்குப் பின் நீலகேசியை மறுபடி எடுத்தேன். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936-இல் உரையோடு பதிப்பித்த எங்கள் நூல். அதில் நீலகேசி ஒவ்வொரு சமயவாதியாகத் தேடிப்போய் வாதில் வெல்கிறாள். பௌத்தரின் புலால் உணவை அவள் விளாசுவது மகேந்திரவர்மரின் கேலிக்குச் சற்றும் குறைந்ததில்லை. அதை நான் சின்ன வயசிலிருந்து பெருமையோடு படித்தவன். அடிப்பது நாமென்றால் தர்க்கம், அடிபடுவது நாமென்றால் நிந்தனை என்று இத்தனை நாள் கணக்கெழுதியிருக்கிறேன். வியாபாரத்தில் இப்படி எழுதினால் கடை ஒரு மாசம் தாங்காது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேணும். நீலகேசியில் நாங்கள் ஜெயிக்கிறோம். மத்தவிலாசத்தில் யாருமே ஜெயிப்பதில்லை; இறைச்சி தின்ற நாயைத் தவிர. கபாலம் கிடைத்ததும் கபாலிகன் பிட்சுவிடம் மன்னிப்புக் கேட்கிறான். பிட்சுவும் மனம் கோணாமல் ஏற்கிறார். இருவரும் நண்பர்களாகப் பிரிகிறார்கள். எங்களை ஏசியவன் யார் என்று இப்போது திரும்பிப் பார்த்தேன். தள்ளாடுகிற, தன் பாத்திரத்தையே தொலைத்த ஒரு குடிகாரன். நாக்கைக் கழுவ அவனுக்குக் கள்ளைத் தவிர வேறொன்றும் கிடைக்கவில்லை. சிரிப்பு எங்கள்மேல் புறப்பட்டு, பாதி வழியில் அவன் தலையிலேயே விழுகிறது. மேடையில் ஒரு சமணர்கூட வரவில்லையே என்றும் ஒரு காலத்தில் வருந்தியதுண்டு. குடிக்காதவனைக் கூட்டிவந்து குடிகாரர் நாடகத்தில் என்ன செய்வது என்று இப்போது சமாதானம் செய்துகொள்கிறேன்.

குறையே இல்லாத நாடகம் என்று சொல்லமாட்டேன். வாதம் ஒரே இடத்தில் சற்று நேரம் சுற்றுகிறது. தேவசோமாவுக்கு இருக்கும் புத்திக்கு ஏற்ற வேலையை ஆசிரியர் தரவில்லை. ஆனாலும் கேரளத்தில் சாக்கியார்கள் இதை இன்றும் கோயில்களில் நேர்த்திக்கடனாக ஆடிவருகிறார்கள். குடிகாரன் கதை வழிபாடாகிவிட்டது. பிறந்த ஊர் காஞ்சி. பேணி வளர்த்தது மலையாள நாடு. வெளியூரில் வாழும் நமக்கு இது விளங்காத சங்கதியில்லை.

மைதானில் ஆட்டம் முடிந்ததும் இரண்டு கல்லூரிப் பையன்களும் ஒரே டீக்கடையில் மண்கோப்பையோடு நிற்பார்கள். சற்று முன்பு காலை வாரியவனிடமே நெருப்பாய்ச் சிவந்த முழங்காலைக் காட்டிச் சிரிப்பார்கள். யார் ஜெயித்தது என்று மறுநாள் பேப்பரில் வராது. எனக்கு மத்தவிலாசம் அந்த டீக்கடைதான்.

வரும் பொங்கலுக்கு நாடகம் கேட்டு வரும் பிள்ளைகளை இம்முறை வெறுங்கையோடு அனுப்பமாட்டேன். தமிழில் எழுதித் தருகிறேன். சமணரை ஏசும் வரிகளை வெட்ட வேண்டாம். முன்வரிசையில் நான் உட்கார்ந்திருப்பேன். கபாலத்துக்கு வேண்டிய பாத்திரமும் நம் கடையிலிருந்தே தருகிறேன், பெயர் வெட்டாமல்.