நோயும் உருவகமும்: ஒரு நொதியத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

சூசன் சொன்ராக்கின் 'உருவகமாக நோய்' என்னும் நூல் 1978இல் வெளிவந்தது. தாமே மார்பகப் புற்றுநோய்க்கு உள்ளாகியிருந்த அவர், தம் அனுபவத்தை எழுதாது, நோய் பற்றிச் சமூகம் பேசும் மொழியையே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். உருவகங்களிலிருந்து இயன்றவரை விடுபட்ட நோக்கே நோய் பற்றிய உண்மைக்கு மிக அணித்தானது என்பது அந்நூலின் மையக் கருத்தாகும். இக்கருத்து எவ்வளவு தூரம் ஏற்புடையது என்பதே இங்கு எமது வினா.

நூலின் வலுவான பகுதி, உருவகங்களுக்கும் பொருளாதார அமைப்புக்குமிடையே அவர் காட்டும் தொடர்பாகும். உடலைக் கரைத்தழிக்கும் காசநோயின் மீது, சேமிப்பை வற்புறுத்திய தொடக்ககால முதலாளித்துவத்தின் அச்சங்கள் ஏற்றப்பட்டன. கட்டுமீறி வளரும் புற்றுநோயின் மீது, ஓயாத விரிவை வேண்டும் பிற்கால முதலாளித்துவத்தின் அச்சங்கள் ஏற்றப்பட்டன என்பார் அவர். நோய்பற்றிய பேச்சிற் புகுந்துவிட்ட போர்மொழியையும் அவர் இனங்காண்கிறார். 1971இல் நிக்சன் கைச்சாத்திட்ட தேசியப் புற்றுநோய்ச் சட்டம் 'புற்றுநோய்மீதான போர்' என்றே வழங்கலாயிற்று. வியட்நாமிற் குண்டு பொழிந்துகொண்டிருந்த அரசே அச்சட்டத்தையும் இயற்றியது.

ஆயின் உருவகத்தை முற்றாகக் களைதல் இயலுமா? நோயின் பெயரே உருவகம். கிரேக்கர், கட்டியைச் சூழ வீங்கிய நாளங்களில் நண்டின் கால்களைக் கண்டனர். தமிழிலோ மண்ணிலிருந்து மேலெழும் புற்று இந்நோய்க்குப் பெயராயிற்று. கலங்களிடையே 'செய்தி' செல்வதாகவும், நொதியம் 'ஆளி' போல இயங்குவதாகவும் கூறும் உயிரியலும் உருவகத்தாலேயே சிந்திக்கிறது. உருவகமின்றிச் சிந்திக்க இயலாதென்பதை 1989இல் எயிட்ஸ் பற்றி எழுதிய நூலிற் சொன்ராக்கும் ஒப்புக்கொண்டார். சில உருவகங்களையேனும் தவிர்க்கவேண்டும் என்பது அப்போது அவரது நிலைப்பாடு. எவற்றை, எந்த அளவுகோல் கொண்டு தவிர்ப்பது? புறநிலை உலகில் நிலவும் உறவுகளை ஓர் உருவகம் வெளிப்படுத்துகிறதா, மறைக்கிறதா என்பதே எமது அளவுகோல்.

மெலனோமா என்னும் தோற்புற்றுநோயைக் கொண்டு இதனைச் சோதிக்கலாம். பி-ராஃப் என்பது உடற்கலங்களில் இயல்பாகவே உள்ள ஒரு நொதியம். வெளியேயிருந்து வரும் வளர்ச்சித் தூண்டலைக் கலத்தினுள் கடத்தும் தொடரில் அது ஒரு கண்ணி. தூண்டல் உள்ளபோது இயங்கும், இல்லாதபோது ஓயும். மெலனோமாக்கள் பலவற்றில் இந்நொதியம் விகாரமடைந்துள்ளமை 2002இல் வெளிப்பட்டது. இன்று அத்தொகை ஏறத்தாழ அரைப்பங்கெனக் கணிக்கப்படுகிறது. அவற்றுட் பெரும்பாலானவற்றில், 600ஆம் இடத்திலிருக்கும் ஓர் அமினோ அமிலத்தின் இடத்தை வேறொன்று பிடித்துக்கொள்ள, நொதியம் தூண்டலின்றியே ஓயாது இயங்குகிறது. போர்மொழி இங்கு உடனே எதிரியைக் கண்டுவிடும்.

உண்மைகளோ அதற்கு இடந்தரவில்லை. வளர்ச்சி நின்று அடங்கிப்போன சாதாரண மச்சங்கள் மிகப் பலவற்றிலும் இதே விகாரம் காணப்படுகிறது. விகாரமடைந்த நொதியம் தனித்து நின்று புற்றுநோயை ஆக்குவதில்லை. வளர்ச்சியைத் தடுக்கும் பிற பொறிமுறைகளும் குலைய வேண்டும். 2011இல் ஐக்கிய அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்ற வெமுராஃபெனிப் என்னும் மருந்து, விகாரமடைந்த பி-ராஃப் உள்ள கலங்களின் வளர்ச்சியை ஒடுக்கியது. அந்நொதியம் விகாரமடையாத கலங்கள் சிலவற்றிலோ அதே தொடரை அது முடுக்கிவிட்டது. மெலனோமா சுருங்க, நோயாளர் சிலரின் தோலில் வேறு வகைப் புற்று முளைத்தது. பலரிற் சில மாதங்களுள் மெலனோமாவும் மீண்டும் வளர்ந்தது. தொடரின் அடுத்த கண்ணியான மெக் என்னும் நொதியத்தையும் சேர்த்துத் தடுக்கும் சிகிச்சை 2014இல் அங்கீகரிக்கப்பட்டது. அதனால் இவ்விரு இடர்களும் குறைந்தன, முற்றாக நீங்கவில்லை. ஒரே மருந்து, ஒரே நொதியத்தின்மீது, இரு சூழல்களில் எதிரெதிரான விளைவைத் தருமிடத்து 'எதிரி' என்னும் சொல் எதனை விளக்கும்? ஒரு பொருளின் இயல்பு அதன் உறவுகளிலேயே தங்கியுள்ளது என்னும் இயங்கியல் உண்மையை இந்நொதியம் எமக்கு உணர்த்துகின்றது.

போர் உருவகம் மறைப்பது இன்னும் உண்டு. எதிரியை உடலினுள் நிறுத்தியதும், அவ்வுடல் உழைக்கும் உலகம் பார்வையிலிருந்து அகன்றுவிடுகிறது. 1775இல் இலண்டன் சத்திரவைத்தியர் பேர்சிவல் பொட், புகைபோக்கி துடைப்போரின் விதைப்பையிலே தோன்றிய தோற்புற்றுக்குப் புகைக்கரியைக் காரணமாகக் காட்டினார். சிறுவயதிலேயே ஒடுங்கிய புகைபோக்கிகளுள் ஏற்றப்பட்ட ஏழைகள் அவர்கள். புகைக்கரி அவர்களின் தோலை அடைந்தது உற்பத்தி உறவுகளினூடாகவே. மெலனோமாவிலிருந்து வேறான செதிற்கலத் தோற்புற்று, வெயிலில் உழைப்போருக்குரிய தொழில்சார் நோயாக ஜேர்மனியிற் சட்டத்தில் இடம்பெற்றது 2015இலேயே.

நோயாளியைக் குற்றவாளியாக்கும் மொழியைச் சொன்ராக் மறுத்தது அவரது நிலையான பங்களிப்பு. முற்போக்கு எழுத்தும் அவரது எச்சரிக்கைக்கு விலக்கன்று. ஸ்ராலினியத்தை மார்க்சியத்தின் புற்றுநோயென ட்ரொட்ஸ்கி கூறியதை அவர் எடுத்துக்காட்டுகிறார். வெறுப்பனவற்றையெல்லாம் புற்றுநோய் என்றழைக்கும் எழுத்து, நோயுற்ற மனிதரையும் அவ்வெறுப்பின் நிழலில் நிறுத்திவிடுகிறது. எனினும், அவர் நின்ற இடத்திலிருந்து திறனாய்வு இன்னும் ஓரடி செல்லவேண்டியுள்ளது. உறவுகளை மறைக்கும் உருவகங்களை இனங்காண்பதோடு, நொதியத்தையும் கலத்தையும் தோலையும் உழைப்பையும் ஒரே தொடரில் வைத்துப் பேசவல்ல மொழியைத் தமிழில் ஆக்குவதும் அதன் கடமையாகும்.