பூம்பாவை எந்த விழாவைப் பார்த்தாள்?

மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாளில் இரண்டு காட்சிகள் உண்டு. பிற்பகலில் அறுபத்துமூவர் ஊர்வலம். பாதிச் சென்னை மாட வீதிகளில் வந்து நிற்கும். காலையில் அதைவிடச் சிறிய கூட்டத்தோடு இன்னொன்று நடக்கும். பாம்பு கடித்து இறந்த பூம்பாவையை, குடத்தில் வைத்திருந்த அவள் சாம்பலிலிருந்து திருஞானசம்பந்தர் பாடி எழுப்பிய கதையைக் குளக்கரையில் நிகழ்த்திக் காட்டுவார்கள்.

அவளை எழுப்பிய பாட்டு, இரண்டாம் திருமுறையின் 47ஆம் பதிகம். விழாக்களை வரிசையாகச் சொல்லும் பாட்டு அது. ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலா போகிறாய் என்று செத்துப்போன பெண்ணைக் கேட்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இந்தக் கடற்கரை ஊர் எதையெல்லாம் கொண்டாடியது என்பதற்குச் சான்றாக இந்தப் பதிகத்தைக் காட்டுவது வழக்கம். பட்டியலை எல்லோரும் படித்திருக்கிறோம். அது யாரை நோக்கிச் சொல்லப்பட்டது, கேட்டவளுக்குப் பிறகு என்ன ஆனது என்பதை அவ்வளவாகப் படிக்கவில்லை.

முதல் முறை வாசித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பதிகத்தின் மயிலைத் தெருக்களில் பெண்கள் நிறைந்திருக்கிறார்கள். விளக்கீட்டைக் கொண்டாடுபவர்கள் பெண்கள். தைப்பூசத்துக்கு நெய்ச்சோறு படைத்துக் கொண்டாடுபவர்களும் பெண்கள். அடுத்த வாசிப்பில் வேறொன்று கண்ணில் பட்டது. வளையல் போட்ட கை, மை தீட்டிய கண், இளமார்பு என்றுதான் பாட்டு அவர்களைப் பார்க்கிறது. விழாவில் அவர்கள் ஏற்றுகிறார்கள், சமைக்கிறார்கள், அழகாக இருக்கிறார்கள். விழாவைப் பார்க்க வா என்று அழைக்கப்பட்ட பெண், அங்கே போனதும் பார்க்கப்படுபவளாகிவிடுகிறாள்.

இந்த இடத்தில் எனக்கு என் அத்தை ஞாபகம் வரும். வடக்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் தாத்தா வீடு. அத்தைக்குக் கல்யாணம் ஆகவில்லை. அறுபத்துமூவர் அன்று விடிகாலை நாலு மணிக்கு எழுந்து அண்டா நிறைய மோர் கலக்குவார், புளியோதரை கிளறுவார். சித்தப்பாக்கள் அதைக் கொண்டுபோய்ப் பந்தலில் வைத்து, போகிற வருகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். நன்றியும் கும்பிடும் அவர்களுக்கு. வீட்டில் இருந்தபடியே, மேளச் சத்தத்தை வைத்துச் சாமி எந்த வீதியில் திரும்புகிறது என்று அத்தை சொல்லிவிடுவார். “நீங்க வரலையா அத்தை?” என்று ஒருமுறை கேட்டேன். “அந்தக் கும்பல்ல நான் எங்க போறது? நீ பாத்துட்டு வந்து சொல்லு” என்றார்.

கும்பல் என்று அவர் எதைச் சொன்னார் என்பது நான் தனியாகப் போகத் தொடங்கியபோது புரிந்தது. தாவணியில் குத்திய ஊக்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொடுத்தது பள்ளித்தோழி. தெருவுக்குத் தெரு மோரும் பானகமும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். நீட்டிய டம்ளரை வேண்டாம் என்று எத்தனை பெண்கள் சொல்கிறார்கள் என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். தாகம் இருக்கிறது. குடித்தால் ஒதுங்க இடம் இல்லை. பூ விற்கும் அக்காவும் பலூன் விற்கும் பாட்டியும் அந்தத் தெருவில் விடியவிடிய இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அவர்களும் இதே கணக்கைப் போட்டுத்தான் தண்ணீர் குடிக்கிறார்கள்.

இனி பூம்பாவையின் மீதிக் கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் அதைச் சொல்கிறார். குடம் உடைந்து எழுந்து வந்தவளின் அழகை முடி முதல் அடி வரை பல பாடல்களில் வருணிக்கிறார். அவள் வாய் திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. அப்பா சிவநேசர், இவளைத் தாங்களே மணந்துகொள்ள வேண்டும் என்று சம்பந்தரிடம் கேட்கிறார். உயிர் கொடுத்த நான் இவளுக்குத் தகப்பன் முறை என்று அவர் மறுக்கிறார். அப்படியானால் வேறு யாருக்கும் கொடுக்க மாட்டேன் என்று மகளைக் கூட்டிக்கொண்டு போய்க் கன்னிமாடத்தில் வைக்கிறார் சிவநேசர். சாம்பல் குடம் இருந்ததும் அதே கன்னிமாடத்தில்தான். அங்கேயே அவள் சிவனை அடைந்தாள் என்று கதை முடிந்துவிடுகிறது.

அவள் ஓணத்தைப் பார்த்தாளா? மாசியில் கடலுக்குப் போனாளா? சேக்கிழார் சொல்லவில்லை. கல்யாணத்திலிருந்து தப்பித்தாள், அதுவும் விடுதலைதான் என்று சில தோழிகள் வாசிக்கிறார்கள். கன்னிமாடத்தை அவளே கேட்டிருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன். கொண்டுபோய் வைத்தார்கள் என்றுதான் கதையில் இருக்கிறது.

பூம்பாவைக்குக் கோயிலுக்குள் சன்னிதி இருக்கிறது, ஆண்டுக்கு ஒரு காலை இருக்கிறது. சாம்பலிலிருந்து எழும் அந்தக் கணத்தை நாம் வருடா வருடம் கொண்டாடுகிறோம். கன்னிமாடத்துக்குத் திரும்பும் கணத்தை யாரும் நிகழ்த்திக் காட்டுவதில்லை. அது வீடுகளில் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

அத்தைக்கு எழுபது வயதானபோது கையைப் பிடித்துக் கூட்டிப்போனேன். அந்த வயதில் யாரும் அவரை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை, யாரும் உரசவும் இல்லை. கடை வாசல்படி ஒன்றில் உட்கார்ந்து பல்லக்குகள் போவதைப் பார்த்தார். ஒரு பந்தலில் மோர் வாங்கி முழு டம்ளரையும் குடித்தார். “உப்பு பத்தல” என்றார். பிறகு வீடு பக்கத்தில்தானே என்று இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கிக்கொண்டார்.