வாக்கும் ஆக்கமும்

நூலாயினும் நாடகமாயினும் விளையாட்டாயினும், ஒன்றை மதிப்பிடப் புகுவோர் கண்ணெதிரே உள்ளதையே மதிப்பிடல் வேண்டும், வரவிருப்பதை அன்று. இவ்வுண்மையை மறந்ததன் விளைவை, அமெரிக்காவிலே சியரா நிறுவனம் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘அவுட்போஸ்ட்’ என்னும் கணினி விளையாட்டின் வரலாறு நன்கு காட்டும்.

விண்கல் மோதிப் பூமி அழிய, எஞ்சிய மாந்தர் வேறொரு விண்மீனை நாடிச் சென்று, ஆங்கொரு கோளிலே குடியேற்றம் அமைத்தலே இவ்விளையாட்டின் பொருள். உணவும் மின்வலுவும் தேடுதலோடு குடிகளின் மனவுறுதியையும் பேணல் வேண்டும். இதனை வடிவமைத்த புரூஸ் பால்ஃபர் முன்னர் நாசாவிற் பணியாற்றியவர். ஆதலின், அறிவியல் நெறி வழுவாத ஆக்கமென எதிர்பார்ப்பு மிகுந்தது.

முற்றுப்பெறாத படியை விளையாடிப் பார்த்த விமரிசகர்கள், பின்னர்ச் சேர்க்கப்படுமென வாக்களிக்கப்பட்ட பகுதிகளையும் உள்ளனவாகக் கொண்டு பாராட்டினர். ‘பீசீ கேமர்’ என்னும் அமெரிக்க இதழ் நூற்றுக்கு 93 புள்ளிகள் வழங்கிற்று. விலைகொடுத்து வாங்கியோர் கண்டதோ வேறு. கையேட்டிலே விளக்கப்பட்ட சில பகுதிகள் விளையாட்டில் இல்லை, பிழைகளோ மலிந்திருந்தன. அவர்தம் சினம் ஆக்கியோர்மீது மட்டுமன்றிப் புகழ்ந்த இதழ்கள்மீதும் பாய்ந்தது.

அச்சினம் நியாயமானதே. எண்ணத்தின் உயர்வை மறுப்பதற்கில்லை. எனினும், எண்ணம் மட்டும் ஆக்கமாகிவிடாது. மதிப்புரை என்பது வாசகனுக்கு அளிக்கப்படும் சான்று. காணாததைக் கண்டதாகக் கூறுதல், நல்லெண்ணத்தாற் கூறினும், பொய்ச்சான்றே. பொருளைக் கையிற்கொண்டு விளையாடிப் பார்த்தோர் கூற்றே இங்கு மெய்யான விமரிசனமாயிற்று.