கோயில் முற்றமும் கூத்துப் பனுவலும்
– ஈழத்துக் கத்தோலிக்கக் கூத்து மரபு பற்றிய ஒரு மதிப்பீடு –

ஈழத்துத் தமிழரிடையே நாட்டுக்கூத்துப் பற்றிய ஆர்வம் 1960களில் புத்துயிர் பெற்றது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்திலே தயாரித்த கர்ணன் போர் (1962), இராவணேசன் (1964) முதலியன, படித்தோரால் புறக்கணிக்கப்பட்டிருந்த ஒரு கலைவடிவத்துக்கு மதிப்பைத் தேடித் தந்தன. அதே காலப்பகுதியில் எண்டிறீக்கு எம்பரதோர், மூவிராசாக்கள், ஞானசவுந்தரி ஆகிய மன்னார்ப் பகுதிக் கத்தோலிக்க நாடகங்களும் அவராற் பதிப்பிக்கப்பெற்றன. ஏட்டிலும் கையெழுத்துப் படியிலும் அழிந்து போகக்கூடிய பனுவல்கள் இவ்வாறு அச்சுருப் பெற்றமை பெரும் பணி என்பதில் ஐயமில்லை.

எனினும், அச்சேறிய பனுவலை வைத்துக்கொண்டு இக்கூத்துகளை மதிப்பிடப் புகும்போது ஒரு சிக்கல் எழுகின்றது. பாத்திரங்களுக்கு அகவளர்ச்சி இல்லை, கூறியது கூறல் மிகுதி, உரோமாபுரி மன்னன் தமிழ் இராசாவைப் போலக் கொலு வீற்றிருக்கின்றான், கதை முடிவு முன்னரே தெரிந்துவிடுகின்றது என்பன வழமையாகக் கூறப்படும் குறைகள். தனியே அமர்ந்து நூலைப் படிக்கும் வாசகனுக்கு இவை குறைகளே. ஆயின் இப்பனுவல்கள் அத்தகைய வாசகனுக்காக எழுதப்பட்டவையல்ல. ஒரு சிறு கரையோரப் பட்டினத்தின் கோயில் முற்றத்திலே கூடியிருக்கும் பங்குமக்களே இவற்றுக்கு உரியோர். அவர்களின் விசுவாசத்தையும் கூட்டுறவையும் விலக்கிவிட்டுக் கூத்தை மதிப்பிடுதல் சாலாது என்பதும், அக்கூட்டுறவின் எல்லைகளே கூத்தின் எல்லைகளாகவும் அமைந்தன என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இக்கூட்டுறவின் வரலாற்றுப் பின்னணி மனங்கொளத்தக்கது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கம் தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687இல் கோவையிலிருந்து யோசேவாஸ் அடிகள் மாறுவேடத்தில் வந்து சேரும்வரை, ஏறக்குறைய முப்பது ஆண்டுகள், குருவானவரின்றியே இம்மக்கள் தம் சமயத்தைக் காத்தனர். செபங்களை மனனஞ்செய்தல், இரவிலே வீடுகளிற் கூடுதல், பிள்ளைகளுக்கு வாய்மொழியாகக் கற்பித்தல் ஆகியவற்றாலேயே அது இயன்றது. சமயம் தம் கையிலும் தம் நாவிலும் தங்கியுள்ளது என்ற உணர்வு அக்காலத்தில் ஆழ வேரூன்றியிருத்தல் வேண்டும். பிற்காலத்தில் மூப்பர் முதலிய பொதுநிலையினர் கோயில் அலுவல்களிற் பெற்ற செல்வாக்கையும், கூத்தைத் தம் உரிமையாக ஊரவர் கருதிய பாங்கையும் இப்பின்னணியில் வைத்தே விளங்கிக்கொள்ளலாம்.

இனிப் பனுவல்களை நோக்குவோம். எண்டிறீக்கு எம்பரதோர் என்னும் தலைப்பே போர்த்துக்கேயச் சொற்களின் தமிழ் வடிவம். என்றீக்கு என்னும் பேரரசன் என்பது அதன் பொருள். ஆனால் அப்பேரரசன் அரங்கினுள் வருவது தமிழ்க் கூத்து முறைப்படியே. கட்டியகாரன் வரவு கூறுகின்றான். இராசா தன் பெருமையைத் தானே பாடுகின்றான். மந்திரியை அழைத்து நாட்டு வளம் உசாவுகின்றான். இதனைக் காலவழு என்று ஒதுக்குவது எளிது. தமக்கு அந்நியமான ஒரு வரலாற்றைத் தமக்குப் பழக்கமான அரங்க மொழியிற் பெயர்த்து, அதனைத் தம்முடையதாக்கிக்கொண்ட முயற்சி என்று காண்பதே பொருத்தமுடையது. ஐரோப்பியக் குருமார் கொணர்ந்த கதைகள் இவ்வழியிலேதான் கரையோர மக்களின் கதைகளாயின.

எஸ்தாக்கியார் கதை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். புனிதர் வரலாற்றின்படி, உரோமப் படைத்தலைவன் ஒருவன் வேட்டையின்போது மானின் கொம்புகளிடையே சிலுவையைக் கண்டு மனந்திரும்புகின்றான். அதன்பின் செல்வம் அழிகின்றது. கப்பற் கூலி கொடுக்க வகையற்ற நிலையில் மனைவியைக் கப்பற்றலைவன் கவர்ந்துகொள்கின்றான். ஆற்றைக் கடக்கையிற் பிள்ளைகள் இருவரையும் விலங்குகள் பறித்துச் செல்கின்றன. நெடுங்காலத்தின்பின் குடும்பம் ஒன்றுசேர்கின்றது. பொய்த் தேவர்க்குப் பலியிட மறுத்து அனைவரும் ஒருங்கே உயிர் துறக்கின்றனர்.

விவிலியத்து யோபுவின் சாயல் இதிலுண்டு. தமிழ்ப் பார்வையாளருக்கு அரிச்சந்திரன் கதையும் நினைவுக்கு வருதல் இயல்பே. ஆனால் கடற்றொழிலாளர் குடியிருப்பொன்றில் இக்கதை பெறும் பொருள் இன்னும் நெருக்கமானது. நீர் மனிதரைப் பிரித்துவிடும் என்பதும், போனவர் திரும்புவர் என்பதற்கு உறுதியில்லை என்பதும் அங்கு எவருக்கும் சொல்லித் தெரியவேண்டியவையல்ல. எஸ்தாக்கியார் ஆற்றங்கரையில் நின்று புலம்பும் இடத்திற் பாடல் நீள்வதும், ஒரே பொருள் மீண்டும் மீண்டும் வருவதும் அச்சில் அலுப்பூட்டலாம். முற்றத்திலோ அதுவே அரங்கிலுள்ளோர் புலம்பலோடு பார்வையாளர் தம் இழப்பையும் சேர்த்துக்கொள்ளும் இடைவெளி. கூறியது கூறல் என்று நாம் குற்றஞ்சாட்டுவது, கேட்போர் உட்புகுவதற்காகத் திறந்து வைக்கப்பட்ட வாயிலாகும்.

இத்தன்மை கூத்துக்கு மட்டும் உரியதன்று. சாங்கோபாங்க சுவாமியார் என வழங்கப்பெற்ற யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) இயற்றிய வியாகுலப் பிரசங்கம், தபசு காலத்திற் கோயில்களிலே ஓதப்பட்டு வந்துள்ளது. யேசுவின் பாடுகளைக் கூறும் அந்நூலை உரைநடை வரலாற்று மாணவர் ஓர் உரைநடைச் சான்றாக அணுகுவர். ஓதக் கேட்டு வளர்ந்தோருக்கு அது ஒப்பாரியின் உறவுடையது. இறந்த வீட்டிற் கூடியிருப்பது போன்ற மனநிலையிலேயே அது கேட்கப்படுகின்றது. துன்பத்தைத் தனியே தாங்காது கூடித் தாங்குதல் என்ற வழக்கே பிரசங்கத்துக்கும் கூத்துக்கும் பொது அடிப்படை.

கூத்து உருவாகும் முறையும் இதனையே வலியுறுத்துகின்றது. குருநகர், பாஷையூர், நாவாந்துறை, பேசாலை முதலிய இடங்களிற் கூத்தென்பது பல மாத உழைப்பு. பகலிலோ இரவிலோ தொழிலுக்குச் சென்று மீண்டோர், அண்ணாவியார் முன்னிலையிற் கூடிப் பாட்டும் மெட்டும் பழகுவர். நேர்த்திக்காகப் பாத்திரம் ஏற்போர் உளர். தந்தை ஆடிய பாத்திரத்தை மகன் ஏற்பதும் உண்டு. உடுப்புக்கும் மேடைக்கும் ஊரே பொருள் தருகின்றது. மாதோட்டப் பகுதியில் நாடகம் என வழங்குவது ஓரிரவில் முடியாது நீளும். வாசகப்பா என்னும் சுருக்க வடிவம் ஓரிரவில் அடங்கும். இரவு முழுவதும் விழித்திருக்கும் கூட்டத்தினர் பாடல்களை முன்னரே அறிந்தவர்கள். பாடுவோன் தவறினால் திருத்தவும் வல்லவர்கள். ஆகவே பனுவலை எழுதிய புலவன் ஒருவனாயினும், அரங்கேறும் கூத்தின் ஆக்கியோர் பங்குமக்கள் அனைவருமே.

ஆயினும் ‘பங்குமக்கள் அனைவரும்’ என்னும் தொடரை நாம் எச்சரிக்கையுடனேயே கையாளல் வேண்டும். சாதிப் பிரிவினை கோயில் வாயிலோடு நின்றுவிடவில்லை. யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கரிடையே ஒரே விசுவாசத்தை அறிக்கையிட்டோர், சாதிக்கும் குறிச்சிக்கும் ஏற்பத் தனித்தனிக் கோயில்களைச் சார்ந்திருந்தமை யாவரும் அறிந்ததே. கூத்தும் அப்பிரிவினை வழியே நடந்தது. எந்தக் குறிச்சியின் கூத்து என்பதே எவர் பாடலாம், எவர் இராசா உடுப்பு அணியலாம் என்பவற்றைத் தீர்மானித்தது. பெண்களின் நிலையும் இத்தகையதே. ஞானசௌந்தரி கைகள் வெட்டுண்டு காட்டில் அலைந்து, தேவதாயின் அருளால் அவற்றை மீளப் பெறுகின்றாள்; கண்ணீர் பெருக்கிய அப்பாத்திரத்தை மரபுக் கூத்தில் ஏற்று நடித்தவர்கள் ஆண்களே. பெண்ணின் துயர் கதையின் நடுவிடத்தைப் பெற்றது. பெண்ணுக்கு அரங்கில் இடம் கிடைக்கவில்லை.

சமூகவியல் நோக்கில் மட்டுமன்றிக் கலைநோக்கிலும் இது குறைபாடாகும். ஒரே அப்பத்திற் பங்குகொள்வோர் ஒரே உடலின் உறுப்புகள் எனப் போதிக்கும் சமயத்தின் நாடகம், தன் சபையின் பிளவைப் பற்றிப் பாடவே இல்லை. பொய்த் தேவரை வணங்கும் உரோமச் சக்கரவர்த்தியை எதிர்க்கும் துணிவு பனுவலில் உண்டு. பக்கத்துக் குறிச்சியானோடு ஒரு பந்தியில் அமரும் துணிவு அதில் இல்லை. எதிரி எப்போதும் தொலைநாட்டு மன்னனாகவே இருக்கின்றான். கூட்டுறவிலிருந்து வலிமை பெற்ற கலை, அக்கூட்டுறவின் குருட்டிடத்தையும் சேர்த்தே பெற்றுக்கொண்டது.

பிற்கால மாற்றங்களை இவ்விரு உண்மைகளையும் அளவுகோலாகக் கொண்டே மதிப்பிடல் வேண்டும். 1965இல் மரியசேவியர் அடிகள் தொடக்கிய திருமறைக் கலாமன்றம், திருப்பாடுகளின் காட்சிகளைப் பெருமேடைக்குக் கொணர்ந்தது. பங்குகளின் எல்லை கடந்தும், சமய எல்லை கடந்தும் கலைஞரை ஒன்றுசேர்த்தது. கூத்துகள் ஓரிரு மணித்தியால அளவுக்குச் சுருக்கப்பட்டு விழா மேடைகளில் ஏறின, பெண்களும் நடிக்கலாயினர். வட்டம் விரிந்தமை நற்பேறே. ஆனால் பார்வையாளன் பாடலை அறியாத அந்நியனாகவும், கூத்துக்குழு சில வாரங்கள் பயின்று கலையும் அணியாகவும் மாறும்போது, மேடையில் எஞ்சுவது வடிவம் மட்டுமே.

போர்க்காலம் இக்கேள்வியைக் கடுமையாக்கியது. 1995 யூலை 9ஆந் திகதி நவாலி புனித பேதுருவானவர் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்தோர் விமானக் குண்டுவீச்சிற் கொல்லப்பட்டனர். 2006 யூன் 17ஆந் திகதி பேசாலைக் கோயிலுள் தஞ்சமடைந்திருந்தோர்மீது தாக்குதல் நிகழ்ந்தது. கூத்துப் பார்க்கக் கூடிய இடங்களிலேயே உயிர் காக்கவும் கூடிய மக்கள் இவர்கள். இடப்பெயர்வால் அண்ணாவிமார் ஓரிடத்திலும் பாடுவோர் பிறிதோரிடத்திலுமாகச் சிதறினர். எஸ்தாக்கியாரின் குடும்பத்துக்கு நேர்ந்தது ஊர்களுக்கே நேர்ந்தது எனலாம்.

ஆகவே கூத்தைக் காத்தல் என்னும்போது எதனைக் காக்கப்போகின்றோம் என்பதை நாம் தெளிந்துகொள்ளல் வேண்டும். பனுவலைப் பதிப்பித்தலும் மெட்டுகளை ஒலிப்பதிவு செய்தலும் தேவையானவையே. அவை பல்கலைக்கழகத்தின் கடமையுமாகும். ஆனால் மாதக்கணக்கிற் கூடிப் பழகும் ஒரு சபை இல்லாதவிடத்து அவை அருங்காட்சிப் பொருள்களாகவே அமையும். அச்சபை மீண்டும் கூடுமாயின், பழைய வேலிகளோடு கூடுதல் போதாது. முன்னர் விலக்கப்பட்டோர் பாடவும், பெண்கள் தம் துயரைத் தாமே பாடவும், சபையின் பிளவே கூத்தின் பொருளாகவும் இடமளிக்கப்படல் வேண்டும். தொலைநாட்டுச் சக்கரவர்த்தியை எதிர்த்து நின்ற அந்த விசுவாசம் தன் முற்றத்தையும் நோக்கித் திரும்பும்போதே கத்தோலிக்கக் கூத்து தன் முழு ஆற்றலையும் எய்தும்.