நூற்றியிருபது தோல் ஜாக்கெட்டுகள்

சூசன் ஃபௌலர் 2017 பிப்ரவரி 19ஆம் தேதி வெளியிட்ட கட்டுரையைப் பற்றி இன்று யாரிடம் கேட்டாலும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஊபர் நிறுவனத்தில் மேலாளர் ஒருவர் பெண் பொறியாளரைப் படுக்கைக்கு அழைத்தார், அவர் அதை எழுதினார், நான்கே மாதத்தில் தலைமை நிர்வாகி டிராவிஸ் காலனிக் பதவி விலகினார். அந்த ஆண்டின் இறுதியில் ‘மௌனம் கலைத்தவர்கள்’ என்று டைம் இதழ் அட்டையில் போட்ட பெண்களில் ஃபௌலரும் ஒருவர். எல்லாம் சரிதான். ஆனால் அந்தக் கட்டுரையைத் திரும்ப எடுத்து வாசித்தால் கண்ணில் படுவது வேறு. ஏறத்தாழ மூவாயிரம் சொற்களில் மேலாளரின் பாலியல் அழைப்பு முதல் சில பத்திகளோடு முடிந்துவிடுகிறது. மிச்சமெல்லாம் அலுவலகம். டீம் மாற்றம், ரேட்டிங், யார் யாருக்கு வேண்டியவர், எந்த மேலாளர் எவர் நாற்காலிக்குக் குறிவைத்திருக்கிறார் என்பதெல்லாம்தான். அந்த மிச்சத்தை உலகம் வாசிக்கவில்லை. பெண்ணியவாதிகளான நாமும் போதுமான அளவு வாசிக்கவில்லை என்பது என் குறை.

ஃபௌலர் 2015 நவம்பரில் ஊபரில் சேர்ந்தார். செயலி விழாமல் பார்த்துக்கொள்ளும் எஸ்.ஆர்.இ. பிரிவில் வேலை. பயிற்சி முடிந்து டீமுக்குப் போன முதல் நாளே மேலாளரின் சாட் வந்தது. அவர் அதைப் படம்பிடித்து ஹெச்.ஆருக்கு அனுப்பினார். கிடைத்த பதில் மூன்று பகுதி கொண்டது: இது அவருடைய முதல் தவறு, அவர் மிகச் சிறப்பாக வேலை செய்பவர், ஆகவே கண்டிப்பதோடு நிறுத்திக்கொள்கிறோம், நீங்கள் வேறு டீமுக்குப் போகலாம், அல்லது அங்கேயே இருக்கலாம், இருந்தால் அடுத்த அப்ரைசலில் அவர் உங்களுக்குக் குறைத்துப் போடக்கூடும். அது பழிவாங்கல் ஆகாதா என்று கேட்டதற்கு ஹெச்.ஆர். சொன்ன விளக்கம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆகாதாம். ஏனென்றால் உங்களுக்குத்தான் தேர்ந்தெடுக்கும் வாய்ப்புக் கொடுத்தோமே!

பிறகு மற்றப் பெண்களோடு பேசியபோது அதே ஆளைப் பற்றி அவர்களும் புகார் கொடுத்திருந்தது தெரியவந்தது. அவர்களுக்கும் ‘முதல் தவறு’ என்றே சொல்லப்பட்டிருந்தது. இதுவரைக்கும் நமக்குப் பழக்கமான கதை. ஆளை அடையாளம் காட்டிவிடலாம், குற்றத்துக்குப் பெயர் இருக்கிறது.

இரண்டாவது பகுதிக்குத்தான் பெயர் இல்லை. ஃபௌலர் வேறு டீமுக்குப் போனார், நன்றாக வேலை செய்தார், அங்கிருந்து இன்னொரு பிரிவுக்கு மாற்றம் கேட்டார். அந்தப் பிரிவில் இடம் இருந்தது, அவர்களும் கூப்பிட்டார்கள், தகுதிகள் எல்லாம் இருந்தன. மாற்றம் மறுக்கப்பட்டது. காரணம், ஆவணத்தில் ஏறாத ஏதோ செயல்திறன் குறைபாடு. என் மதிப்பெண் முழுதாக இருக்கிறதே என்றால், குறைபாடு வேலையில்தான் இருக்க வேண்டுமென்பதில்லை, சொந்த வாழ்க்கையிலும் இருக்கலாம் என்றார்கள். அடுத்த அப்ரைசல் வரை பொறுத்தார். நல்ல ரேட்டிங் வந்தது. மறுபடி கேட்டார். இந்த முறை, ரேட்டிங்குகளை எல்லாம் சரிபார்த்துச் சமன்செய்து முடித்த பிறகு, அவருடையது மட்டும் குறைக்கப்பட்டிருந்தது. மேல்நோக்கிப் போகும் அறிகுறி தெரியவில்லை என்பது விளக்கம். அந்த நேரத்தில் அவர் ஓ’ரெய்லி பதிப்பகத்துக்காக ஒரு தொழில்நுட்ப நூல் எழுதிக்கொண்டிருந்தார், மாநாடுகளில் பேசிக்கொண்டிருந்தார். அது கணக்கில் வரவில்லை. ரேட்டிங் குறைந்ததால் போனசும் சம்பளமும் அடிபட்டன. அதைவிட, நிறுவனத்தின் செலவில் ஸ்டான்ஃபோர்டில் படித்துவந்த மேற்படிப்பு கைவிட்டுப் போனது. நல்ல ரேட்டிங் உள்ளவர்களுக்கு மட்டுமே அந்தச் சலுகை.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்பது சில வாரம் கழித்துத் தெரிகிறது. அவருடைய மேலாளர் டீமில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுகிறது: மற்ற டீம்களிலிருந்தெல்லாம் பெண்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள், என் டீமில் இன்னும் சில பெண்கள் இருக்கிறார்கள்.

இந்த இடத்தைத்தான் நான் கட்டுரையின் மையம் என்று சொல்வேன். பெண் பொறியாளர்களைத் தக்கவைத்திருப்பது மேலாளருக்கு நல்ல பெயர் தருகிறது. தக்கவைக்கும் வழி, அவர்களை மதிப்பது அல்ல. வேறெங்கும் போக முடியாதபடி ரேட்டிங்கைக் குறைத்து வைப்பது. அவளுடைய எண் இறங்க இறங்க அவருடைய எண் ஏறுகிறது. இதில் காமமும் இல்லை, வெறுப்பும் இல்லை. அந்த மேலாளருக்கு ஃபௌலர்மேல் தனிப்பட்ட கோபம் இருந்ததாக அவர் எழுதவே இல்லை. பெண்களின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும் என்று நாம் கேட்ட கோரிக்கை, ஒரு மேலாளரின் கைக்குப் போனதும் அங்கே இருக்கும் பெண்ணைக் கட்டிப்போடும் கயிறாகிவிட்டது. ஃபௌலர் சேர்ந்தபோது அந்தப் பிரிவில் 25 சதவீதத்துக்கு மேல் பெண்கள். 2016 டிசம்பரில் அவர் வெளியேறியபோது நூற்றைம்பதுக்கும் அதிகமான பொறியாளர்களில் 3 சதவீதம்.

ஜாக்கெட் கதை எல்லாருக்கும் நினைவிருக்கும், சிரிப்பு வருவதால். பிரிவில் எல்லாருக்கும் தோல் ஜாக்கெட் தருவதாகச் சொல்லி அளவெல்லாம் எடுத்தார்கள். பிறகு அங்கே மிஞ்சியிருந்த ஆறு பெண்களுக்கு மட்டும் கிடையாது என்று மின்னஞ்சல் வந்தது. ஆண்களுக்கு 120 ஜாக்கெட் வாங்கினால் மொத்த விலையில் தள்ளுபடி உண்டு. பெண்களுக்கு ஆறு என்றால் தள்ளுபடி இல்லை. விலை கூடுதலான ஜாக்கெட்டைப் பெண்களுக்குக் கொடுப்பது சமத்துவம் ஆகாது என்று இயக்குநர் பதில் எழுதினார். சமத்துவம் வேண்டுமென்றால் ஜாக்கெட் கிடைக்காததே சமத்துவம்தான் என்று புரிந்துகொள்ள வேண்டுமாம். இதை முட்டாள்தனம் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெண்களை விரட்டிச் சிறுபான்மையாக்கிவிட்டு, சிறுபான்மையாக இருப்பதால் செலவு அதிகம் என்று கணக்குச் சொல்வது திறமையான நிர்வாகம்தான். கணக்கில் பிழை இல்லை.

ஊபர் என்ன செய்தது? அமெரிக்காவின் முன்னாள் அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை விசாரிக்க அமர்த்தியது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். பரிந்துரைகளில் ஒன்று, ‘போர் அறை’ என்ற கூட்ட அறைக்கு ‘அமைதி அறை’ என்று பெயர் மாற்றுவது. பரிந்துரைகளை ஊழியர்களுக்கு அறிவித்த கூட்டத்திலேயே, நிர்வாகக் குழுவில் பெண்கள் கூடினால் பேச்சுத்தான் கூடும் என்று ஓர் உறுப்பினர் நகைச்சுவை செய்து, அன்றே பதவியை விட்டார். உருப்படியான பரிந்துரைகளும் இருந்தன. ஊபரின் 14 நிறுவன மதிப்பீடுகளில் ஒன்று, திறமைக்கே முதலிடம், அதற்காக அடுத்தவர் காலை மிதித்தாலும் தவறில்லை என்கிற பொருளில் இருந்தது. மோசமான நடத்தைக்குச் சாக்காகப் பயன்பட்ட இத்தகைய வாசகங்களை நீக்கச் சொன்னார்கள்.

திறமைக்கே முதலிடம் என்ற பேச்சிடம் ஃபௌலரும் சிக்கியிருக்கிறார் என்பது என் வாசிப்பு. கட்டுரை முழுக்க அவர் தன் தகுதியை நிரூபித்துக்கொண்டே வருகிறார். நூல் எழுதினேன், மாநாட்டில் பேசினேன், என் மதிப்பெண் முழுமை. வழக்குக்கு இது தேவைதான், அந்த நிதானமான ஆவணமொழிதான் கட்டுரையின் பலம். ஆனால் சுமாராக வேலை செய்யும் பெண் என்ன செய்வாள்? அவளிடம் நூல் இல்லை, ஸ்டான்ஃபோர்டு இல்லை. சுமாராக வேலை செய்யும் ஆண்கள் எல்லா நிறுவனத்திலும் நிம்மதியாக ஓய்வு வயதை எட்டுகிறார்கள். அதே ஊபரில் ஊழியர் என்ற பெயர்கூட இல்லாத ஓட்டுநர்களும் எண்ணால்தான் ஆளப்படுகிறார்கள். பயணிகள் போடும் நட்சத்திரம் ஓர் அளவுக்குக் கீழே போனால் கணக்கு முடக்கப்படும். காரணம் கேட்க அவர்களுக்கு ஹெச்.ஆர். அறையும் கிடையாது. கட்டுரையின் கண் அவ்வளவு தூரம் போகவில்லை.

தனிமனிதர்களின் விருப்புவெறுப்பு என்று இதைக் குறுக்கிவிடக் கூடாது என்பதற்கு மைக்ரோசாஃப்ட் வழக்கு நல்ல சான்று. ஊழியர்களை வரிசைப்படுத்தி, இத்தனை பேருக்கு நல்லது, இத்தனை பேருக்கு மோசம் என்று கட்டாய ஒதுக்கீடு செய்யும் முறை அங்கே இருந்தது. அது நிறுவனத்தின் புதுமையைக் கொல்கிறது என்று பத்திரிகைகள் எழுதிய பிறகு, 2013இல் கைவிட்டார்கள். மறுவருடம் பெண் பொறியாளர்கள் மாநாட்டில் தலைமை நிர்வாகி சத்யா நாதெள்ளா, சம்பள உயர்வு கேட்காமல் அமைப்பை நம்பியிருப்பதே நல்ல கர்மா என்கிற மாதிரிப் பேசி, அன்றே மன்னிப்பும் கேட்டார். கர்மா! ஹைதராபாத்தில் பிறந்தவர் என்பதால் நமக்கு அந்தச் சொல்லின் எடை கூடுதலாகத் தெரியும். 2015இல் கேட்டி முசூரிஸ் என்ற பாதுகாப்புத் துறை நிபுணர், ரேட்டிங்கிலும் பதவி உயர்விலும் பெண்கள் பின்தள்ளப்படுவதாக வழக்குத் தொடர்ந்தார். 2010 முதல் 2016 வரை நிறுவனத்துக்குள் பாலினப் பாகுபாடு என்று வந்த 118 புகார்களில் ஒன்றே ஒன்றுதான் உண்மை என்று மைக்ரோசாஃப்ட் முடிவுசெய்திருந்தது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களின் சார்பில் ஒரே வழக்காக நடத்த 2018இல் நீதிமன்றம் அனுமதி மறுத்தது. முடிவுகளைத் தனித்தனி மேலாளர்கள் தம் விருப்பப்படி எடுக்கிறார்கள், எல்லாரையும் பாதித்த பொதுவான நடைமுறை நிரூபிக்கப்படவில்லை என்பது அதன் சாரம். அதாவது வேண்டியவருக்குப் போடும் சுதந்திரம் ஒவ்வொரு மேலாளருக்கும் தனித்தனியாக இருப்பதே நிறுவனத்துக்குக் கவசமாகிவிடுகிறது.

கலிஃபோர்னியாவிலிருந்து ஓ.எம்.ஆர். ஒன்றும் தூரமில்லை. அதே மென்பொருள், அதே அப்ரைசல் படிவம், ‘பெல் கர்வ்’ என்ற அதே சொல். நம் ஊரில் கூடுதலாக ‘நம்ம ஆளு’ உண்டு. ஊர், கல்லூரி, மொழி, எல்லாவற்றுக்கும் அடியில் சாதி. சிஸ்கோ நிறுவனத்தில் தலித் பொறியாளர் ஒருவரை ஆதிக்கச் சாதி இந்திய மேலாளர்கள் ஒதுக்கியதாகக் கலிஃபோர்னியா அரசுத் துறை 2020இல் வழக்குப் போட்டபோது அங்கே அது செய்தி. இங்கே அதற்குப் புகார்ப் படிவமே கிடையாது. டீ குடிக்க, சிகரெட் பிடிக்க மேலாளரோடு கீழே இறங்கும் கூட்டத்தில் அடுத்த ஆன்சைட் யாருக்கு என்பது பாதி முடிவாகிவிடும். எட்டு மணி கேபைப் பிடிக்க ஓடுகிறவளுக்கு ‘விசிபிலிட்டி’ போதாது. 26 வாரம் மகப்பேறு விடுப்பு சட்டப்படி கிடைக்கும், திரும்பி வந்த வருடத்து ரேட்டிங்கைப் பற்றிச் சட்டம் பேசாது.

நம் கையில் இருப்பது 2013ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் சட்டம். அதன் மூன்றாம் பிரிவு, வேலையில் சலுகை காட்டுவதாகச் சொல்வதையும் கெடுதல் செய்வதாக மிரட்டுவதையும் குறிப்பிடுகிறது. ஆனால் பாலியல் செயலோடு தொடர்பு இருந்தால்தான். ஃபௌலரின் முதல் மேலாளர் இந்தச் சட்டத்தில் மாட்டுவார், இரண்டாமவர் மாட்ட மாட்டார். இதே சட்டத்தின் விதிகளில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது, எட்டாம் விதி. விசாரணை நடக்கும்போது, புகார் கொடுத்த பெண் எழுதிக் கேட்டால், குற்றம்சாட்டப்பட்டவர் அவருடைய வேலையை மதிப்பிடக் கூடாது, ரகசிய அறிக்கை எழுதக் கூடாது, அந்தப் பொறுப்பை வேறொருவரிடம் கொடுக்க வேண்டும் என்று குழு பரிந்துரைக்கலாம். சட்டத்தை எழுதியவர்களுக்கு ஆயுதம் எது என்று தெரிந்திருக்கிறது. ஆனால் அது இடைக்கால ஏற்பாடு. விசாரணையை 90 நாளில் முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். புகார் நிரூபிக்கப்படவில்லை என்று முடிந்தால் மார்ச் மாத அப்ரைசலுக்குள் பேனா பழைய கைக்கே திரும்பிவிடும்.

உள்ளகக் குழுக்களில் இருக்கும் தோழிகள், சங்கங்களில் வேலை செய்பவர்கள் இந்த விதியை இழுத்து நீட்டக் கேட்க வேண்டும் என்று நினைக்கிறேன். புகார் கொடுத்தவருக்கு அடுத்த 2 அப்ரைசலாவது வேறொருவர் எழுத வேண்டும். சமன்செய்வதற்கு முன்பு இருந்த ரேட்டிங், பின்பு ஆன ரேட்டிங், மாற்றியவர் பெயர், காரணம், நான்கும் எழுத்தில் ஊழியர் கைக்கு வர வேண்டும், அது எந்தப் புகாரும் கொடுக்காத சுமாரான ஊழியருக்கும் சேர்த்துத்தான். நிறுவனங்களின் மென்பொருளில் இந்த நான்கும் ஏற்கெனவே பதிவாகியே இருக்கும், பார்க்கும் அனுமதி மட்டும் நமக்குத் தரப்படவில்லை.