வான்வெளி வகுப்புகள்: நுழைவு விதியும் பிரிப்புப் பொறுப்பும்

விமானங்கள் ஒன்றோடொன்று மோதாமல் காக்கும் பொறுப்பை விமானிக்கும் தரையில் இருக்கும் கட்டுப்பாட்டாளருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும் ஏற்பாடு வான்வெளி வகுப்புமுறை. பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, சிகாகோ உடன்படிக்கையின் 11ஆம் இணைப்பில் வான்வெளியை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி என ஏழாக வகுத்திருக்கிறது. முதல் ஐந்தும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. எஃப் வகுப்பில் ஆலோசனையும் ஜி வகுப்பில் தகவலும்தான் கிடைக்கும். எந்த வகுப்பை எங்கே வைப்பது, எதைக் கைவிடுவது என்பது அந்தந்த நாட்டின் விருப்பம். தனியார் சிறு விமானங்களும் பயணிகள் ஜெட்டுகளும் பெருமளவில் கலந்து பறக்கும் அமெரிக்க வானில் இம்முறையின் பலமும் பலவீனமும் தெளிவாகத் தெரிகின்றன.

இதன் வேர் ஒரு விபத்தில் இருக்கிறது. 1956 ஜூன் 30 அன்று கிராண்ட் கேன்யனுக்கு மேலே யுனைடெட் நிறுவனத்தின் டிசி-7 விமானமும் டிடபிள்யூஏ நிறுவனத்தின் சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானமும் மோதி 128 பேர் இறந்தனர். இரண்டையும் பிரித்து வைக்கும் கடமை எந்தக் கட்டுப்பாட்டாளருக்கும் இல்லாத வான்வெளி அது. 1958இல் புதிய விமானச் சட்டம் வந்தது. அமெரிக்க விமானப் போக்குவரத்தை நிர்வகிக்கும் இன்றைய எஃப்ஏஏ அதில் பிறந்தது. கட்டுப்பாட்டுப் பகுதிகள் பின்னர் ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்ந்தன, ஒவ்வொன்றும் ஒரு பெயரோடும் தனி விதியோடும். அந்தக் குழப்பத்தை நீக்கித்தான் 1993 செப்டம்பரில் அமெரிக்கா எழுத்து வகுப்புகளுக்கு மாறியது. எஃப் வகுப்பை மட்டும் அது எடுத்துக்கொள்ளவில்லை.

விதிகளின் அடுக்கு மேலிருந்து கீழாகத் தளர்கிறது. 18,000 அடியில் தொடங்கி 60,000 அடி மட்டம் வரை ஏ வகுப்பு. கருவிகளை நம்பிப் பறக்கும் கருவிவழிப் பறப்புக்கு மட்டுமே இடம், எல்லாரையும் கட்டுப்பாட்டாளரே பிரித்து வைப்பார். பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்தது பி வகுப்பு. கோயில் கோபுரத்தைத் தலைகீழாக நிறுத்தியதுபோல, தரையில் குறுகியும் மேலே போகப்போக விரிந்தும் பெரும்பாலும் 10,000 அடி வரை எழும். அதற்குள் நுழைய வெளிப்படையான அனுமதி வேண்டும். தரையிலிருந்து 4,000 அடி வரை நிற்கும் சி வகுப்புக்கும் 2,500 அடி வரை நிற்கும் டி வகுப்புக்கும் அனுமதி தேவையில்லை. இருவழி ரேடியோத் தொடர்பு போதும். விமானத்தின் அழைப்புக்குறியைச் சொல்லிக் கட்டுப்பாட்டாளர் ‘காத்திருங்கள்’ என்றாலே தொடர்பு ஏற்பட்டதாகக் கணக்கு, உள்ளே போகலாம். அழைப்புக்குறி இல்லாமல் அதே சொல் வந்தால் வெளியே காத்திருக்க வேண்டும். இ வகுப்பில் நல்ல வானிலையில் வெளியே பார்த்துக் கண்வழியாகப் பறப்பவருக்கு அனுமதியும் வேண்டாம், ரேடியோவும் வேண்டாம். ஜி வகுப்பு யாருடைய கட்டுப்பாட்டிலும் இல்லை.

இம்முறையின் பெரிய பலம் சிக்கனம். வரைபடத்தில் ஓர் எழுத்தைப் பார்த்ததும் அனுமதி, ரேடியோ, ரேடாருக்குப் பதில் தரும் டிரான்ஸ்பாண்டர், குறைந்தபட்சப் பார்வைத்தூரம், மேகத்திலிருந்து விலகல் ஆகியவை விமானிக்கு ஒரே சமயத்தில் தெரிந்துவிடுகின்றன. அதோடு, ஆபத்து மிகுந்த இடத்தில் மட்டும் கட்டுப்பாட்டை இறுக்கி மற்ற இடங்களைத் திறந்து விடுவதால், புல்வெளி ஓடுதளத்திலிருந்து கிளம்பும் சிறு விமானம் யாரிடமும் கேட்காமல் நெடுந்தூரம் போக முடிகிறது. எல்லா வானத்தையும் ஏ வகுப்பாக்கினால் மோதல் அபாயம் வெகுவாகக் குறையலாம். ஆனால் சிறு விமானப் பறப்பும் அதோடு போய்விடும். அந்த விலை நியாயமானதல்ல.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. பயிற்சியில் இருப்பவர்கள் மனப்பாடம் செய்வதெல்லாம் நுழைவு விதிகளை. யார் யாரைப் பிரித்து வைப்பார்கள் என்ற பகுதி பாடநூலின் அட்டவணையில் ஒரு பத்தியாக ஒதுங்கிவிடுகிறது. பி வகுப்பில் எல்லாரும் எல்லாரிடமிருந்தும் பிரிக்கப்படுகிறார்கள். சி வகுப்பில் கண்வழி விமானம் கருவிவழி விமானத்திலிருந்து பிரிக்கப்படும். இரண்டு கண்வழி விமானங்களுக்கு இடையே தகவல் மட்டும். டி வகுப்பில் கட்டுப்பாட்டுக் கோபுரம் இருக்கிறது, குரல் கேட்கிறது, வரிசை எண்கூடக் கிடைக்கிறது. ஆனால் ஓடுதளத்துக்கு வெளியே கண்வழி விமானங்களை வானில் பிரித்து வைக்கும் கடமை அந்தக் கோபுரத்துக்கு இல்லை. பேசிக்கொண்டிருப்பவர் காத்துக்கொண்டும் இருப்பார் என்று நம்புவது மனித இயல்பு. எழுத்து அந்த நம்பிக்கையைத் திருத்துவதில்லை.

இ வகுப்பில் இந்தப் பலவீனம் கூர்மையாகிறது. மேகத்திலிருந்து வெளிவரும் ஜெட் கட்டுப்பாட்டாளரின் கண்காணிப்பில் இருக்கலாம். எதிரே ரேடியோ இல்லாத சிறு விமானம் சட்டப்படியே இருக்கலாம். இருவரையும் காப்பது கண் மட்டுமே. 10,000 அடிக்குக் கீழே அங்கு வேண்டிய பார்வைத்தூரம் 3 மைல். 250 நாட் வேகத்தில் வரும் ஜெட்டும் 100 நாட் வேகத்தில் வரும் சிறு விமானமும் நேருக்கு நேர் வந்தால் அந்த 3 மைல் சுமார் 27 விநாடியில் தீர்ந்துவிடும். எதிரே வருவதைக் கண்டு, மோதும் என்று உணர்ந்து, விமானத்தைத் திருப்ப 12.5 விநாடி ஆகும் என்பது எஃப்ஏஏ தரும் கணக்கு. ஜி வகுப்பில் தாழ்வான உயரத்தில் பகலில் 1 மைல் போதும். 100 நாட் வேகத்தில் வரும் இரண்டு விமானங்களுக்கு அது சுமார் 16 விநாடி. அதிலும் மோதப்போகும் விமானம் கண்ணாடியில் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும். அசையாத புள்ளியைக் கண் எளிதில் தவறவிடும். ‘பார்த்து விலகு’ என்ற விதி இந்தச் சில விநாடிகளின் மேல்தான் நிற்கிறது.

ஓர் இடம் ரேடாரில் தெரிகிறதா என்பதையும் எழுத்து சொல்வதில்லை. ஆஸ்திரேலியா 2003 நவம்பரில் அமெரிக்க மாதிரியைப் பின்பற்றி இ வகுப்பை விரிவாக்கியது. அமெரிக்காவில் அந்த வகுப்பைத் தாங்கும் ரேடார் பரப்பு அங்கே பல இடங்களில் இல்லை. அடுத்த மாதமே லான்செஸ்டன் அருகே ஒரு போயிங் 737 விமானமும் ஒரு சிறு விமானமும் ஆபத்தான அளவுக்கு நெருங்கின. 2004 இறுதியில் மாற்றங்களில் ஒரு பகுதி திரும்பப் பெறப்பட்டது.

மிகக் கண்டிப்பான பி வகுப்பும் முழுப் பாதுகாப்பு இல்லை. அதன் விளிம்புகள் தரையில் தெரியாத கோடுகள். 1986 ஆகஸ்ட் 31 அன்று இன்றைய பி வகுப்பின் இடத்தில் அப்போது இருந்த லாஸ் ஏஞ்சலஸ் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் அனுமதியின்றி நுழைந்துவிட்ட பைப்பர் விமானம், இறங்கிவந்த ஏரோமெக்சிகோ டிசி-9 விமானத்தோடு செரிட்டோஸ் நகருக்கு மேலே மோதி 82 பேர் இறந்தனர். பாடம் உறைத்தது: பெரிய நிலையங்களைச் சுற்றி 30 கடல் மைல் வட்டத்தில் உயரத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டரும், பயணிகள் விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவியும் கட்டாயமாயின. எழுத்து தடுக்க முடியாததைக் கருவி தடுத்தது.

அதைவிடக் கவலை தருவது, வகுப்பு விமானியிடமிருந்து எடுத்துக்கொண்ட பொறுப்பை ‘கண்வழிப் பிரிப்பு’ என்ற வழக்கம் திரும்ப அவரிடமே தள்ளுவது. எதிர் விமானம் கண்ணில் படுகிறது என்று விமானி சொன்னால், அதை விட்டு விலகும் பொறுப்பைக் கட்டுப்பாட்டாளர் அவரிடம் ஒப்படைக்கலாம். 1978 செப்டம்பர் 25 அன்று சான் டியேகோவில் பிஎஸ்ஏ போயிங் 727 விமானம், பார்த்துவிட்டதாகச் சொன்ன செஸ்னாவைப் பின்னர் தவறவிட்டு அதன் மேல் மோதியது. தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 144 பேர் இறந்தனர். 2025 ஜனவரி 29 இரவில் வாஷிங்டன் ரீகன் நிலையத்தருகே, பி வகுப்பின் உள்ளேயே, இராணுவ பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் இறங்கிக்கொண்டிருந்த சிஆர்ஜே-700 விமானமும் மோதி 67 பேர் இறந்தனர். ஹெலிகாப்டர் குழுவினர் கண்வழிப் பிரிப்பைக் கேட்டுப் பெற்றிருந்தனர். 200 அடி உச்ச வரம்பு கொண்ட அந்த ஹெலிகாப்டர் பாதைக்கும் 33ஆம் ஓடுதளத்துக்கு இறங்கும் பாதைக்கும் இடையே, நிலையத்தருகே ஓடும் ஆற்றின் கிழக்குக் கரையை ஒட்டிப் பறந்தாலும், சுமார் 75 அடிதான் இடைவெளி இருந்தது. வரைபடம் காட்டியது மிகப் பாதுகாப்பான எழுத்தை. இரு விமானங்களுக்கும் நடுவே இருந்தது இரவில் ஒரு ஜோடிக் கண்கள். போக்குவரத்துக்கு வசதியாக இருப்பதால் இந்த வழக்கம் நீடிக்கிறது. ஜெட்டுகள் இறங்கும் பாதைக்குக் குறுக்கே, அதுவும் இருட்டில், அதை அனுமதிப்பது வகுப்பின் நோக்கத்தையே முறிப்பதாகும்.

நாடுகளுக்கிடையே எழுத்து ஒன்றாக இருந்தும் நடைமுறை மாறுவது சிறிய குறைதான், ஆனாலும் கவனிக்கத் தக்கது. 18,000 அடிக்குக் கீழே ஏ வகுப்பைக் காணாமல் பழகிய அமெரிக்க விமானி, லண்டனைச் சுற்றிச் சில இடங்களில் 2,500 அடியிலேயே அதைச் சந்திப்பார். கனடாவில் எஃப் என்பது சிறப்புப் பயன்பாட்டுப் பகுதிகளைக் குறிக்கிறது.

ட்ரோன்கள் வந்தபின் இன்னொரு போதாமை வெளிப்பட்டிருக்கிறது. பல மைல் அகலமுள்ள ஒரு டி வகுப்பு முழுவதற்கும் ஒரே விதி என்பது அவற்றுக்குப் பொருந்தவில்லை. எனவே எஃப்ஏஏ விமான நிலையங்களைச் சுற்றியுள்ள கட்டுப்பாட்டு வான்வெளியைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 400 அடி வரை ஓர் உயர வரம்பு வைத்திருக்கிறது. அதற்குட்பட்ட அனுமதி லான்ஸ் என்ற கணினி ஏற்பாட்டின் வழியே பெரும்பாலும் உடனுக்குடன் கிடைக்கிறது. ஓடுதள முனைக்கு நேரே உள்ள கட்டத்தில் 0, இரண்டு கட்டம் தள்ளி 200, எல்லையோரம் 400 என்று ஒரே வகுப்புக்குள் வரம்பு மாறுவது சாதாரணம்.